தம்பியின் வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது?

செயிண்ட் ஒமேர்
நவம்பர் 19, வியாழக்கிழமை காலை

உடம்பு சுகமாகவும் வழக்கு மட்டும் சுகமில்லாமலும் இருக்கிற என் ஒரே தம்பி எவாரிஸ்டுக்கு, அக்கா க்ளோதீல் ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அதற்கு நீ அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. உன் மச்சான் இறால் பிடிக்கப் போகிறேன் என்று விடியலில் கிளம்பி, வெயிலைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் திரும்பி வருகிறார். உன் கைக்கு வருமுன் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, போன தடவை நான் எழுதியிருந்த, ஈரலும் சோறும் குடலில் அடைத்துச் செய்கிற பூடான் செய்முறையை வீட்டில் செய்து பார்த்தீர்களாமே, கல் மாதிரி வந்ததாமே, தம்பி எழுதியிருந்தான். ஈரலை அவ்வளவு நேரம் வேகவிடக் கூடாது ஐயா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. ‘மேல்முறையீட்டு நீதிமன்றத்தை இரண்டாக வெட்டிவிட்டார்களாம், என் வழக்கு எந்தத் துண்டில் இருக்கிறது, நீ அங்கேதானே வேலை பார்க்கிறாய், கொஞ்சம் கண் வைத்துக்கொள் அக்கா’ என்று எழுதியிருந்தாய். நான் அங்கே வேலை பார்ப்பது துடைப்பத்தோடும் மெழுகு டப்பாவோடும். ஆறாம் வகுப்பில் டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக் களைத்துப்போய்ப் பிரிந்தவர்கள். என்னிடம் போய் வாஷிங்டன்காரர்கள் செய்கிற சீர்திருத்தத்தைக் கவனித்துக்கொள் என்கிறாயே, நீ அக்கார்டியன் வாசிப்பதைவிட மோசமான யோசனை அது. ஆனாலும் கவனித்தேன். மாதா கோயில் காலண்டரின் பின்பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். படித்துவிட்டுப் பயப்படாதே, எனக்கே பாதிதான் பயமாக இருந்தது.

அதிகாரி ஐயாவுக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். என் தம்பியின் இறால் படகு நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றபோது எரிந்துபோனது. இவன் நஷ்டஈடு கேட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டான். இவனே கொளுத்திவிட்டுப் பொய்க் கடிதம் போட்டான் என்று மத்திய அரசு வழக்குப் போட்டு ஏழு வருஷம் வாங்கிக் கொடுத்தது. அந்த நேரத்தில் இவன் நடனக் கொட்டகையில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தான். இருநூறு பேர் சாட்சி, அந்த வாசிப்பை அவர்களால் மறக்க முடியவில்லை. ஆளை வைத்துக் கொளுத்தினான் என்றது அரசாங்கம். படகில் இருந்த நூமா என்கிற ஆள், அடுப்பு தானாகப் பற்றியதைக் கண்ணால் பார்த்தவன். அவனைப் பேசவே விடவில்லை கீழ்க்கோர்ட்டு. அதற்குத்தான் மேல்முறையீடு. மார்ச் மாதம் நம் ஊர்க் கட்டடத்து மூன்றாம் மாடியில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். நானும் வாளியோடு கடைசி வரிசையில் நின்று கேட்டேன். தீர்ப்பைப் பிறகு சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

மூன்றாம் மாடியில் ஆர்சினோ ஐயா என்று ஒரு துணைப் பதிவாளர் இருக்கிறார், உனக்கும் தெரியும், உன் வழக்கன்று மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடினாரே அவர்தான். நம் வட்டாரத்துக் கோர்ட்டை வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், மூன்றாக்க வேண்டும், நீதிபதிகளைக் கூட்ட வேண்டும் என்று வாஷிங்டனில் எவன் மசோதா கொண்டு வந்தாலும் அவர் ஒரு அட்டையில் எழுதி மரப்பெட்டியில் போடுவார். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. மசோதா செத்தால் அட்டையில் கறுப்புச் சிலுவை போடுவார். பெட்டியைத் திறந்தால் கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கும். “இந்தக் கோர்ட்ட எவனாலயும் சாவடிக்க முடியாது க்ளோதீல்” என்பார். அப்படியிருக்க ஒரு மசோதா பிழைத்து எழுந்து சட்டமாகிவிட்டது. அந்த அட்டையில் என்ன குறி போடுவது என்று தெரியாமல் மனுஷன் இரண்டு நாள் பேனாவை மூடவே இல்லை.

அக்டோபர் முதல் தேதி. ஆற்றுக்கு மேற்கே ஒரு கோர்ட்டு, கிழக்கே ஒரு கோர்ட்டு. சாமான் ஏற்றுகிறவர்கள் இரண்டு பட்டியலோடு வந்து மேற்கத்திய மேசை, கிழக்கத்திய அலமாரி என்று சீட்டு ஒட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மேடையில் இருந்த மூன்று நாற்காலிகள் மட்டும் இரண்டு பட்டியலிலும் இல்லை. தூக்கிப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள். கதவுக் கண்ணாடியில் பழைய கோர்ட்டின் பெயராக இருந்த தங்க எழுத்தை ஒரு பெயிண்டர் சுரண்டி எடுத்தான். நான் காடியும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியைப் பளபளவென்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் எழுத்து இருக்கிறது. தங்கம் இல்லை, எழுத்து மட்டும். ஏழு நாள் தேய்த்தேன் தம்பி. எட்டாம் நாள், இருந்துவிட்டுப் போகட்டும், என் வீட்டுக் கதவா என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் ஆர்சினோ ஐயாவைப் பிடித்துக் கேட்டேன்.

“ஐயா, ஆத்துக்கு மேற்க ஒரு கோர்ட்டு, கிழக்க ஒரு கோர்ட்டு. என் தம்பி படகு எரிஞ்சது நட்டாத்துல. அப்ப அவன் எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமும் இல்ல. அவன் வழக்கு மார்ச்சுலயே பேசி முடிச்சாச்சு. அது பழைய கோர்ட்டு வழக்கு.”

“பழைய கோர்ட்டுதான் போய்ச் சேந்துருச்சே!”

“மெதுவாப் பேசு. சட்டத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? முதல் தேதிக்கு முன்னாடி கேட்டு முடிச்ச வழக்கெல்லாம், இந்தச் சட்டமே வராத மாதிரி பழைய கோர்ட்டே முடிக்கணும்னு போட்டிருக்கு.”

“வராத மாதிரின்னா?”

“வராத மாதிரின்னா வராத மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டு அறைக்குள் போனார். காவலர் புதுக் கோர்ட்டுக்குப் போய்விட்டதால் இவரே உள்ளே நின்று, “கேளுங்கள், கேளுங்கள், கேளுங்கள், இந்த மாண்புமிகு நீதிமன்றத்தைக் கடவுள் காப்பாராக” என்று கத்தினார். பின்பக்கக் கதவு திறந்தது. மார்ச்சில் கேட்ட நீதிபதிகள் மூன்று பேரும் வந்து அந்த மூன்று நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ட்ரேஸ்கட் ஐயா, இடது பக்கம் காது மந்தமானவர், வலது பக்கம் எப்போதும் புதினா மிட்டாய் மெல்லுகிறவர்.

நீ நினைக்கிற மாதிரி இல்லை, அவர்கள் பேய் இல்லை. பேய் காப்பிக்குச் சர்க்கரை போதாது என்று சொல்லுமா? சிக்கரி போட்டு மூன்று கோப்பை கொண்டுபோய் வைப்பேன். “இனிப்பு பத்தல க்ளோதீல்” என்பார் ட்ரேஸ்கட் ஐயா. “நீங்க வாயிலயே வைக்கலையே ஐயா” என்றால், “பாத்தாலே தெரியுது” என்பார். கோப்பைகள் நிறைந்தபடியே திரும்பி வரும், ஆனால் கசக்கும், சர்க்கரையை மட்டும் யாரோ எடுத்துவிட்ட மாதிரி. காலையில் நான் மெழுகு போட்ட தரையில் என் செருப்புத் தடம் பதியும், ஆர்சினோ ஐயாவின் ஓட்டைப் பூட்ஸ் தடம் பதியும். அவர்கள் மூவரும் நடந்த இடம் கண்ணாடி மாதிரியே இருக்கும். சுத்தமான மனுஷர்கள். பதினான்கு வருஷத்தில் இப்படி எனக்கு வேலை வைக்காத ஆட்களைப் பார்த்ததில்லை. அவர்களோ சட்டத்துக்கு அடங்கி நடக்கிறவர்கள். சட்டம் வராத மாதிரி இருக்கச் சொன்னால் வராத மாதிரியே இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் புதுக் கோர்ட்டு என்று யாராவது சொன்னால், எங்கோ ஈ பறக்கிறது என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு நாள் பதினொரு மணிக்கு நடந்ததைக் கேள். மூவரும் மேடையில் இருக்கிறார்கள், ட்ரேஸ்கட் ஐயா எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறார், நான் ஜன்னல் துடைக்கிறேன். கிழக்குக் கோர்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கிற குமாஸ்தாப் பெண் ஒருத்தி, நல்ல பெண், சிரித்த முகம், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“என்னக்கா, காலி ரூமுக்கு எதுக்கு லைட்டு?” என்றாள். விளக்கை அணைத்தாள். போய்விட்டாள்.

வெளியே அன்றைக்கு மழை மூட்டம். அறை இருண்டுபோனது. அந்த இருட்டில் ட்ரேஸ்கட் ஐயா ஒரு வார்த்தைகூட விடாமல் வாசித்துக்கொண்டே போனார். காகிதம் திருப்புகிற சத்தம் கேட்டது. புதினா வாசனை வந்தது. நான்தான் போய் விளக்கைப் போட்டேன். “நன்றி க்ளோதீல்” என்றார், அவ்வளவுதான்.

இனி வருவது உன் சங்கதி, கவனமாகப் படி. அக்டோபரில் அவர்கள் கையில் அறுபத்தொரு வழக்கு இருந்தது. காலண்டரில் கோடு போட்டு வைத்தேன். தினம் மூன்று, நான்கு என்று முடித்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு வழக்கு முடிந்த அன்றும் ஏதோ ஒன்று குறைந்தது. முதலில் அவர்கள் பெயர் போட்ட தபால்பெட்டி. பிறகு பின்பக்கப் படிக்கட்டில் ஒரு படி. பதினேழு இருந்தது, எனக்குத் தெரியாதா, தினம் பெருக்குகிறவள், பதினாறு ஆகிவிட்டது. பிறகு சுவர்க் கடிகாரம் பத்து மணிக்கு மேல் போவதை நிறுத்திக்கொண்டது. நவம்பர் நான்காம் தேதி அறுபதாவது வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் முடியவில்லை. தினமும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒரே ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார்கள், பார்த்தார்கள், நாளை என்றார்கள், எழுந்து போனார்கள். அந்தக் கட்டின் மேல் உன் பெயர்.

“தீர்ப்பு பாதி எழுதியாச்சு” என்றார் ஆர்சினோ ஐயா, நான் துளைத்து எடுத்த பிறகு.

“மீதிப் பாதிக்கு என்ன வந்துச்சு? மை தீந்துபோச்சா?”

“உன் தம்பி வழக்குதான் கடைசி. அது முடிஞ்சா இந்தக் கோர்ட்டு முடிஞ்சிரும்.”

“அவங்களுக்குப் புதுக் கோர்ட்டுல எடம் இல்லையா?”

“எடம் இருக்கு. ஆனா, இருக்குன்னு அவங்க தெரிஞ்சுக்கக் கூடாதே. சட்டம் வராத மாதிரில்ல இருக்கணும்?”

“அப்ப என் தம்பி அங்கயே கெடந்து நரைச்சுப் போவானா? இந்த மூணு பேரும் உக்காந்திருக்கணும்னு அவன் உள்ள உக்காந்திருக்கணுமா?”

ஆர்சினோ ஐயா நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நான் புனித அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு, செவ்வாய்க்கிழமை காலை காப்பித் தட்டோடு நேராக மேடைக்கே போனேன்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு. கோர்ட்டு உக்காந்துதான் இருக்கு” என்றார் ட்ரேஸ்கட் ஐயா.

“ஒரு வழக்க முடிக்காமலே ஆள மட்டும் வீட்டுக்கு அனுப்ப முடியுமா?”

புதினாக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். காது மந்தமானவர், “என்ன சொல்றா?” என்றார்.

“எதுக்கு முடிக்காம விடணும்?” என்றார் ட்ரேஸ்கட் ஐயா.

“முடிஞ்சிட்டா உங்களுக்கும் பொழுது போகாது, எனக்கும் மெழுகு போட ஆள் நடமாட்டம் இருக்காது. அதான்.”

அவர் உன் பெயர் போட்ட கட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். “நாங்க முடிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா க்ளோதீல்?”

“தெரியாது ஐயா.”

“எங்களுக்கும் தெரியாது” என்றார். நான் மூன்று கோப்பையையும் அவர்கள் முன்னால் வைத்தேன்.

அப்புறம் ஆர்சினோ ஐயா கண்ணாடி கிடைத்துவிட்ட உற்சாகத்தில் விதிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வழி இருக்கிறதாம். நூமாவைக் கேட்டு எழுதி அனுப்பு என்று வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பலாமாம். ஆனால் வழக்கு இவர்கள் கையை விட்டுப் போகாதாம், கயிற்றின் முனை இவர்களிடமே இருக்குமாம். அதுவரை உன்னை வெளியே விடலாமாம். மூவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். நேற்று உத்தரவில் கையெழுத்தும் போட்டாயிற்று. மூன்று கையெழுத்து, மை இன்னும் காயவில்லை, ஆர்சினோ ஐயா ஊதிக்கொண்டே இருக்கிறார்.

ஆகையால் தம்பி, திங்கட்கிழமை நீ வருகிறாய். மச்சானின் தடித்த கோட்டை அனுப்புகிறேன், அதில் மீன் நாற்றம் அடித்தால் அது அவர் நாற்றம். பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். வீட்டில் வாத்துக்கறி போட்ட கம்போ குழம்பு தயாராக இருக்கும். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு நீ மூன்றாம் மாடிக்குப் போய் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும். உள்ளே யாராவது விளக்கை அணைத்தாலும் அசையாமல் நில். இன்னொன்று, நீ இனிமேல் ஜெயிக்கவும் கூடாது, தோற்கவும் கூடாது. சாகும்வரை வழக்காளிதான். யார் சாகும்வரை என்று என்னைக் கேட்காதே, அந்த இடத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

புனித அந்தோணியார் உன்னைத் தொலைக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாதா உன் தலைமேல் கை வைக்கட்டும். உன்னோடு அறையில் இருக்கிற, குறட்டை விடுகிற அந்த டெக்சாஸ்காரருக்கும் என் விசாரிப்பு. அதிகாரி ஐயா, ஈரல் பதினைந்து நிமிஷம், மறக்காதீர்கள்.

உன்னைத் தூக்கி வளர்த்து இடுப்பொடிந்த
அக்கா க்ளோதீல்

பின்குறிப்பு: அட மடப்பயலே. உறையை நக்கி ஒட்டப் போகிற நேரத்தில் ஆர்சினோ ஐயா மதியத் தபாலோடு வந்தார், முகம் சுண்ணாம்பு. நீ போன வாரம் எழுதிய கடிதம். ‘காத்திருந்து அலுத்துவிட்டது, என் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’ இதைப் போய்க் கிழக்குக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறாய், அவர்கள் எங்களுடையது இல்லை என்று முத்திரை குத்தி மூன்றாம் மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுப்பில் போட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். முத்திரை விழுந்த காகிதத்தை மறைக்க அவருக்குக் கை வரவில்லை. மேடையில் வைத்துவிட்டார். ட்ரேஸ்கட் ஐயா இரண்டு தடவை வாசித்தார். “நம்மள வேண்டாங்கிறாரே” என்றார். காது மந்தமானவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

மேலே எழுதிய பஸ், கோட்டு, கம்போ எல்லாவற்றையும் அடித்துவிடு. உன் விலகலை ஏற்பதா என்று முடிவு செய்யும்வரை நேற்றைய உத்தரவு நிற்காதாம். அடுத்த புதன்கிழமை ஏற்றுக்கொண்டால் வழக்கு முடிந்தது. உனக்கு மீதி ஐந்து வருஷம், அவர்களுக்கு ஒன்றுமில்லை. இதைக் கையில் வாங்கிய நிமிஷமே எழுது. ‘நான் விலகவில்லை, என் வழக்கு இருக்கிறது’ என்று ஒரே வரி. அவர்களுக்குத் தபாலில் விலாசம் கிடையாது, என் பெயருக்கு அனுப்பு. எழுத்தைப் பெரிதாக, கறுப்பாகப் போடு. உன் கடிதத்தை ட்ரேஸ்கட் ஐயா இன்னும் கையில்தான் பிடித்திருக்கிறார். காலையில் அந்தக் கைக்குப் பின்னால் இருக்கிற மேடை எனக்குத் தெரியவில்லை. இப்போது கை வழியாகவே தெரிகிறது.